கல் தீர்ந்த பிறகு

தட்டில் கல் இல்லை.

இன்சு அதைப் பார்த்துவிட்டான். பார்த்த பிறகும் கை நிற்கவில்லை. மாலுமிச் சீட்டைப் பட்டென்று மேஜையில் இறக்கினான். "மாலுமி! மூணு சீட்டு!" என்று தேவைக்கு மேலேயே உரக்கச் சொன்னான். எதிராளி மூச்சு விடுவதற்குள் கட்டின் அடியில் மிச்சமிருந்த மூன்று சீட்டுகளையும் உருவிவிட்டான்.

தங்கம். தங்கம். தங்கம்.

எதிரே உட்கார்ந்திருந்த ஹேரின் வாயைத் திறக்கவில்லை. அவள் முழங்கைக்குப் பக்கத்தில்தான் அந்த மரத்தட்டு இருந்தது. அதில் கல் வைப்பதும் எடுப்பதும் அவள் பொறுப்பு. 'அண்ணா, கல் தீர்ந்துபோச்சு.' இவ்வளவு சொன்னால் போதும், அத்தோடு இன்சுவின் ஆட்டம் கரை தட்டியிருக்கும்.

சொல்லவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

இன்சுவுக்கு இன்னும் நேரம் இருந்தது. 'தப்பு, திரும்ப எடுத்துக்கறேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரத்தை அவன் மூன்று தங்கத்தையும் விசிறி மாதிரி விரித்து வைக்கச் செலவழித்தான்.

"ரெண்டு கலங்கரை விளக்கம் வாங்கறேன். கடைசி ரெண்டு. ஆட்டம் முடிஞ்சுது."

சொன்ன கையோடு மேஜையில் இறக்கிய சீட்டு, கையில் மீந்த சீட்டு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் வாரிக் கலைத்துவிட்டான். எது ஆடியது, எது ஆடாதது என்று இனி அந்தக் கடவுள் வந்தாலும் சொல்ல முடியாது.

பின்னால் நின்ற கூட்டம் கூரை அதிரக் கத்தியது.

கத்தலுக்குக் காரணம் இருந்தது. தேஜோன் ரயில் நிலையச் சந்தைக்குப் பின்னால், பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருக்கிற அந்த கஃபேயில் 'நூறு துறைமுகம்' ஆட்டத்துக்கு வருஷா வருஷம் போட்டி நடக்கும். ஜெயித்தவருக்கு சியோலில் நடக்கும் தேசியப் போட்டியில் ஒரே ஓர் இடம். அதைவிடப் பெரிதாக இன்னொன்று உண்டு. ஜெயித்த கட்டைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் விரித்து, பேர் எழுதி, காபி மெஷினுக்கு மேலே மாட்டுவார் முதலாளி தொக்சு. இதுவரை மாட்டிய சட்டம் அத்தனையிலும் வெள்ளியும் தங்கமும்தான். காசுச் சீட்டு வாங்கு, இன்னும் வாங்கு, சேர்ந்ததும் விளக்கை வாங்கு. விளக்குதான் புள்ளி, விளக்கு விற்றுத் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. பாதித் தூக்கத்திலேயே ஜெயிக்கலாம்.

இன்சுவுக்கு அது பிடிக்காது. அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். ஒரு கம்பியை இழுத்தால் நாலு சக்கரம் சுற்ற வேண்டும், நாலு சக்கரம் சுற்றினால் பத்தாவது மாடியில் கதவு திறக்க வேண்டும் என்று நினைக்கிற புத்தி. அதனால் அவன் எப்போதும் ஆக்‌ஷன் சீட்டுகளாலேயே கட்டு கட்டுவான். எப்போதும் தோற்பான்.

விஷயம் இதுதான். உன் முறை வரும்போது ஓர் ஆக்‌ஷன் சீட்டுதான் இறக்கலாம். ஆனால் துறைமுகத்தை இறக்கினால் ஒரு சீட்டும், மேற்கொண்டு சீட்டு இறக்கும் வாய்ப்பாக இரண்டு ஆக்‌ஷனும் கிடைக்கும். மாலுமியை இறக்கினால் மூன்று சீட்டு கிடைக்கும், ஆக்‌ஷன் கிடைக்காது. துறைமுகம், மாலுமி, துறைமுகம், மாலுமி என்று இறக்கிக்கொண்டே போனால் மொத்தக் கட்டும் ஒரே முறையில் கைக்கு வந்துவிடும். அன்றைக்கு நீதான் ராஜா. நடுவில் ஆக்‌ஷன் தீர்ந்தால் கை நிறைய மாலுமிகளை வைத்துக்கொண்டு கரையில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

இன்சு கரையில் குந்தியே பேர் வாங்கியவன். சந்தையில் கொழுக்கட்டைக் கடை வைத்திருக்கிற கில்தே, சுவரில் இரண்டு சட்டம் தொங்கவிட்ட வெள்ளிக்காரன், பார்க்கும்போதெல்லாம் கேட்பான்: "ஏன்டா, உன் கப்பல்ல எல்லாருமே மாலுமிதானா? கப்பல் எங்கடா?"

இந்த வருஷம் கப்பல் இருந்தது. வசந்தத்திலிருந்து சமையலறை மேஜையில் தனியாக ஆடி ஆடி ஒரு கணக்கைப் பிடித்திருந்தான் இன்சு. ஒரு துறைமுகத்துக்கு ஒரு மாலுமி. தானாகக் கிடைக்கிற முதல் ஆக்‌ஷனுக்கு இன்னும் ஒரு மாலுமி. அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. ஆரம்பத்தில் எல்லோருக்கும் தரப்படுகிற செம்புக் குப்பையைக் கட்டிலிருந்து தூக்கி எறிய ஒரே ஒரு பாரந்தூக்கிச் சீட்டு. அதை இறக்கவும் ஓர் ஆக்‌ஷன் செலவாகும். ஆகவே குப்பை தீர்ந்த பிறகு பாரந்தூக்கி கைக்கு வந்தால் தொடாமல் வைத்திருக்க வேண்டும். பழக்க தோஷத்தில் இறக்கிவிட்டால், கடைசி மாலுமிக்கு ஆக்‌ஷன் இருக்காது. சங்கிலி அங்கேயே அறும்.

போட்டிக்கு முன்பே கில்தே இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "எல்லாம் சரி. அந்தப் பாரந்தூக்கி ஒருநாள் உன் காலை வாரும் பாரு."

ஆக்‌ஷன் எத்தனை மிச்சம் என்று கணக்கு வைக்கத்தான் கல். அந்த மாடி முன்பு பாதுக் என்கிற கறுப்பு வெள்ளைக் கல்லாட்டம் ஆடுகிற கூடமாக இருந்தது. கூடத்தை மூடிவிட்டுப் போனவர்கள் விட்டுச்சென்ற வெள்ளைக் கற்களை தொக்சு ஜாடியில் போட்டு வைத்திருந்தார். அவர் போட்ட வழக்கம்: கல் எதிராளியின் கையில். நீ துறைமுகத்தை இறக்கினால் எதிராளி ஒரு கல்லை எடுத்து இரண்டு கல்லை வைப்பான். மாலுமியை இறக்கினால் ஒன்றை எடுப்பான். தட்டு காலியானால் நிறுத்து. நடுவர் கிடையாது. ஆடுகிறவன் கண் சீட்டில், எதிராளியின் கண் கல்லில். ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் கீழே போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்பார் தொக்சு.

போன வருஷ அரையிறுதியில் இதே ஹேரின் ஒரு கல்லை எடுக்க மறந்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை. இன்சுதான் தன் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஏம்மா, ஒரு கல் அதிகமா இருக்கு, எடுத்துடு" என்றான். எடுத்தாள். அவன் தோற்றான். அதிலிருந்து கஃபேயில் அது ஒரு பழமொழி மாதிரி ஆகிவிட்டது. யாராவது கணக்கில் கை வைத்தால், "இன்சுவப் பாரு, கல் தீர்ந்தா நிறுத்திடுவான்" என்பார்கள்.

அந்த இன்சுவைத்தான் இப்போது கில்தே பின்னாலிருந்து கட்டிப் பிடித்துத் தூக்கினான்.

"ஒத்துக்கறேன்டா! ஒத்துக்கறேன்! இத்தன வருஷம் கிண்டல் பண்ணதுக்கெல்லாம் இன்னிக்கி கோழி என் செலவு!"

"எறக்கி விடுங்கண்ணே."

"மூஞ்சிய ஏன்டா இப்பிடி வச்சிருக்க? ஜெயிச்சவன் மூஞ்சியா இது? உன் மூஞ்சியப் பார்த்தா ஹேரின்தான் ஜெயிச்சாளோன்னு நெனப்பாங்க."

ஹேரின் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடியே எழுந்து, அவனுக்கு ஒருமுறை தலை குனிந்து வணங்கினாள். "நல்லா ஆடினீங்கண்ணா." கையைக் கம்பளிச் சட்டையின் பைக்குள் விட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

நல்லா ஆடினீங்க! இன்சுவுக்குக் காது மடல் பற்றி எரிந்தது.

பார்த்தாளா, பார்க்கவில்லையா? மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். மற்றவர்களின் பார்வையை அளந்து பவரில் அரைப் புள்ளி வித்தியாசம் சொல்கிறவள் காலித் தட்டைப் பார்க்காமலா இருப்பாள்? பார்த்துவிட்டு, போகட்டும் பாவம் என்று விட்டாளா?

முகம் கழுவுகிற சாக்கில் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். தண்ணீரைத் திறந்துவிட்டு மனதுக்குள் கடைசி முறையை மறுபடி ஓட்டினான். துறைமுகம், கல் இரண்டு. மாலுமி, கல் ஒன்று. இன்னொரு துறைமுகம். விரலை மடக்கி மடக்கி எண்ணிக்கொண்டு போனான்.

கணக்கு சரியாக வந்தது. கடைசி மாலுமிக்கு ஒரு கல் இருந்திருக்க வேண்டும்.

மறுபடி எண்ணினான். மறுபடியும் சரியாகவே வந்தது.

அப்படியானால் தட்டு ஏன் காலி? அதற்கு ஒரே பதில்தான் உண்டு. பாரந்தூக்கி. நடுவில் அது கைக்கு வந்தது ஞாபகம் இருந்தது. அதை இறக்கினானா? இறக்கிய ஞாபகம் இல்லை. ஆனால் ஆயிரம் தடவை இறக்கிப் பழகிய கை அது, அவனைக் கேட்டுக்கொண்டா இறக்கும்? இறக்கியிருக்கிறது. இறக்கியதை மனம் இப்போது மறைக்கிறது. திருடின பிறகு திருடன் போடுகிற கணக்கு திருடனுக்குச் சாதகமாகத்தானே வரும்?

கண்ணாடியில் தெரிந்த முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. துண்டைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டான்.

வெளியே வந்தபோது மேஜை மறுபடி தயாராக இருந்தது. கட்டு நடுவில். தட்டு ஹேரின் பக்கம். கல் ஜாடி பக்கத்தில். சுற்றிலும் நாற்காலிகளை இழுத்துப் போட்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"வாய்யா, வா," என்றார் தொக்சு, துடைத்த கண்ணாடிச் சட்டத்தைக் கக்கத்தில் இடுக்கியபடி. "திருப்பி ஆடிக் காட்டு."

இதை அவன் அடியோடு மறந்திருந்தான்.

பாதுக்காரர்கள் விட்டுப்போனது கல் மட்டும் அல்ல, ஒரு வழக்கமும்கூட. ஆட்டம் முடிந்ததும் ஜெயித்தவரும் தோற்றவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடியதை மறுபடி ஆடிப் பார்ப்பார்கள். எங்கே தப்பு, எங்கே சாமர்த்தியம் என்று சுற்றியிருக்கிறவர்கள் படிப்பதற்காக. தொக்சு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இறுதி ஆட்டத்தின் கடைசி முறையை, சீட்டு சீட்டாக, கல் கல்லாக, எல்லோர் முன்னாலும் திருப்பி ஆட வேண்டும். அதன்பிறகுதான் கட்டு சட்டத்துக்குள் போகும்.

"முதலாளி, பசிக்குது," என்றான் இன்சு. "கோழி சாப்ட்டுட்டு வந்து ஆடலாமே."

"ஜெயிச்சவனுக்குப் பசியாம்ல!" என்றான் கில்தே. "எத்தன வருஷமா ஆக்‌ஷன், ஆக்‌ஷன்னு எங்க உயிர வாங்கின? இப்ப காட்டுடா, பாத்துட்டுப் போறோம். நானே கத்துக்கலாம்னு உக்காந்திருக்கேன்."

"எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாச்சு முதலாளி," என்றாள் ஹேரின், ஜன்னல் பக்கத்திலிருந்து. குரல் கம்மியிருந்தது.

தொக்சு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னப்பா ரெண்டு பேரும் பொண்ணு பார்க்க வந்த எடத்துல மாதிரி நெளியறீங்க? உக்காருங்க. பத்து நிமிஷ வேல."

சிரிப்பு எழுந்தது. இருவரும் உட்கார்ந்தார்கள். வேறு வழி இல்லை.

கட்டை நினைவிலிருந்து வரிசைப்படுத்தினான். முதலில் கைக்கு வந்தது என்ன என்று அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. ஹேரின் தட்டில் ஒரு கல் வைத்தாள்.

"துறைமுகம்," என்றான் இன்சு.

ஒரு கல் போயிற்று, இரண்டு வந்தது. மரத்தில் கல் படுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

"மாலுமி."

ஒரு கல் போயிற்று. கில்தே பக்கத்தில் இருந்தவனிடம் கிசுகிசுத்தான்: "பாத்தியா, இங்கதான் நானா இருந்தா இன்னொரு மாலுமிய எறக்கித் தொலைச்சிருப்பேன். இவன் அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தான் பாரு."

"துறைமுகம்."

ஹேரின் வைத்த கல் ஒன்று உருண்டு தட்டின் ஓரத்தில் முட்டி நின்றது. என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிற பதற்றம் என்று நினைத்தான் இன்சு. பாவம், அவளுக்கும் தெரியும், இந்தச் சங்கிலி எங்கே போய் முடியும் என்று. இன்னும் கொஞ்ச தூரம். அப்புறம் தட்டு காலியாகும். கையில் மாலுமியோடு அவன் உட்கார்ந்திருப்பான். எல்லோரும் தட்டையும் அவனையும் பார்ப்பார்கள். கில்தே 'எங்கயோ எண்ணிக்கை தப்புது, மறுபடி ஆடு' என்பான். அவனுக்காக வாதாடுவான்! அதுதான் தாங்காது.

"மாலுமி."

"துறைமுகம்." இது மூன்றாவது. ஹேரின் சரியாக வைத்தாள். அடுத்த துறைமுகத்தை எடுக்கப் போன இன்சுவின் கை பாதியில் நின்றது.

"வேணாம்," என்றான்.

"என்னய்யா வேணாம்?" என்றார் தொக்சு.

"திருப்பி ஆட வேணாம். கடைசி மாலுமிய எறக்கும்போது தட்டுல கல் இல்ல. தெரியாம எறக்கல. பார்த்தேன். பார்த்துட்டுத்தான் எறக்கினேன்."

காபி மெஷின் புஸ்ஸென்று ஆவி விட்டது.

கில்தே சிரிக்க ஆரம்பித்து, அவன் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "டேய், வெளையாடாத."

"வெளையாடலண்ணே. நடுவுல பாரந்தூக்கிய எறக்கியிருக்கேன் போல. அதுல ஒரு கல் போயிருக்கு. நீங்க சொன்னீங்களே."

"நான் சும்மா ஒரு பேச்சுக்கு..." கில்தே யார் முகத்தையும் பார்க்காமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான்.

"யாராவது வீடியோ எடுத்தீங்களா?" என்று ஒரு குரல் கேட்டது. எப்படி எடுப்பார்கள்? இறுதி ஆட்டத்தில் எல்லோருடைய போனும் கதவோரக் கூடையில் அல்லவா கிடந்தது.

தொக்சு மெதுவாக ஹேரின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கல் உன் கையில. நீ பாக்கலையா?"

ஹேரின் கம்பளிச் சட்டைப் பைக்குள் கையை இன்னும் ஆழமாக விட்டுக்கொண்டாள்.

"பார்த்தேன்."

"பார்த்துட்டுமா சும்மா இருந்தே?"

அவள் தலை இன்னும் தாழ்ந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் குரல் உச்சுக் கொட்டியது. "அண்ணன் எத்தன வருஷமா இதுக்காக அலையறாரு, போகட்டும்னு விட்டிருக்கா. பாவம்மா."

ஆமாம், ஆமாம் என்று நாலு பேர் முனகினார்கள். அந்த முனகல் ஒவ்வொன்றும் இன்சுவின் முதுகில் விழுந்தது. திட்டினால் வாங்கிக்கொள்ளலாம். ஒருத்தி தன் வெற்றியையே விட்டுக்கொடுத்து அவன் மானத்தைக் காப்பாற்றினாள், அதற்கும் அவன் லாயக்கில்லாமல் போனான் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஹேரின் சட்டென்று நிமிர்ந்தாள். "இல்ல, அது..." என்று வாயைத் திறந்தாள். எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தட்டில் கிடந்த கற்களைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

"சரி," என்றார் தொக்சு. குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "கல் இல்லாம எறக்கினது செல்லாது. செல்லாதுன்னா அந்த விளக்கு ரெண்டும் இவனுக்கு இல்ல. அடுத்த முறை ஹேரினுக்கு, அவ கையில வெள்ளி கொட்டிக் கெடந்துச்சு. ஆட்டம் அவளோடது." தட்டை எடுத்துக் கற்களை ஜாடியில் கவிழ்த்தார். இன்சுவின் கட்டைச் சேர்த்து ரப்பர் போட்டுப் பெட்டிக்குள் வைத்தார். ஹேரினின் வெள்ளிக் கட்டைச் சட்டத்துக்குள் விரித்தார்.

பிறகு இன்சுவின் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்: "புதுசா வர்றவங்களுக்கு எல்லாம் நான் உன் கதையத்தான் சொல்லுவேன். கல் தீர்ந்தா நிறுத்திடுவான்னு."

"இனிமே சொல்லாதீங்க முதலாளி."

"ம்," என்றார். இல்லை, சொல்லுவேன் என்று அவர் சொல்லவில்லை. இன்சு அதற்காகக் கொஞ்சம் காத்திருந்தான் என்பது அவனுக்கே அப்புறம்தான் தெரிந்தது.

சான்றிதழும் சியோல் நுழைவுச் சீட்டும் கொடுத்தார்கள். ஹேரின் ஒற்றைக் கையால் வாங்கினாள். பெரியவர் கொடுப்பதை ஒற்றைக் கையால் வாங்குவதா? அறையே ஒரு கணம் முகம் சுளித்தது. தொக்சுவின் கை நீட்டியபடியே ஒரு நொடி நின்றது. அவளுடைய இன்னொரு கை கம்பளிச் சட்டைப் பையை விட்டு வெளியே வரவே இல்லை.

"ஒத்தக் கையால வாங்கறா பாரு," என்று கில்தே பல்லைக் கடித்தான். யார் மீதாவது கோபப்பட வேண்டியிருந்தது அவனுக்கு. "அதுக்குள்ள ஜெயிச்ச திமிரு."

"விடுங்கண்ணே," என்றான் இன்சு. "அவ மேல ஒரு தப்பும் இல்ல."

எல்லோரும் போட்டோவுக்கு நெருக்கி நிற்கும் நேரத்தில் கூடையிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

சாயங்கால வெயில் சந்தைக் கூரைகள் மேல் சாய்ந்திருந்தது. பஸ் நிறுத்தத்தில் கிங்கோ மரம் பழத்தை உதிர்த்துக் கொட்டியிருந்தது. மிதிபட்ட பழத்தின் நாற்றம் குடலைப் பிடுங்கியது. மற்ற நாளாக இருந்தால் தள்ளிப் போய் நிற்பான். இன்று அங்கேயே நின்றான்.

ஏமாற்றினேன் என்பது ஒரு வெட்கம். அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது, வெளியே சொல்லக்கூடக் கூசுகிற ஒன்று. இத்தனை அமளிக்கு நடுவிலும் அவன் மனம் கட்டைத்தான் நினைத்தது. ஒரு துறைமுகத்துக்கு ஒரு மாலுமி, மேலே ஒன்று. எவ்வளவு அழகான கணக்கு! அதில் ஒரு கல் குறைந்து போயிற்று. பாரந்தூக்கியைக் கட்டில் விட்டுவைத்தது யார்? அவன்தான். கில்தே சொன்னதுதான் சரி. வெள்ளிக்காரர்கள் எல்லோரும் சரி. அவன் கட்டு கரை சேரவில்லை. சேர்ந்த மாதிரி காட்டத் திருடினான். அவ்வளவுதான் மொத்த கதையும்.

"அண்ணா! நில்லுங்கண்ணா!"

ஹேரின் ஓடி வந்தாள். சுருட்டிய சான்றிதழ் ஒரு கையில். இன்னொரு கை இன்னும் பைக்குள்.

"கோழி சாப்பிடப் போகல?" என்று கேட்டான், வேறெதுவும் தோன்றாமல்.

"பசிக்கல."

"உனக்கு வாழ்த்துக்கூடச் சொல்லல நான். மன்னிச்சிரும்மா. அங்க நிக்கவே..."

"வாழ்த்தெல்லாம் சொல்லாதீங்க."

பஸ் வந்தது. கதவு திறந்தது. இருவரும் ஏறவில்லை. டிரைவர் எரிச்சலோடு கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"நீ அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் ஹேரின்," என்றான் இன்சு. குற்றம் சொல்கிற குரல் இல்லை, கெஞ்சுகிற குரல். "கல் இல்லண்ணான்னு. நான் நிறுத்தியிருப்பேன். என்னக் காப்பாத்தறதா நெனச்சு நீ..."

"நான் உங்களக் காப்பாத்தல."

"பின்ன?"

"ஏண்ணா நிறுத்தல நீங்க?" அவள் குரல் திடீரென்று உயர்ந்தது. நிறுத்தத்தில் இருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தாள். "தட்டு காலி. பார்த்தீங்க. போன வருஷம் எனக்கே தெரியாத கல்ல எடுக்கச் சொன்னீங்க. தோத்துட்டு, சிரிச்சுட்டுப் போனீங்க. இந்த வருஷம் மட்டும் ஏன் நிறுத்தல?"

இன்சு மிதிபட்ட பழங்களைப் பார்த்தான்.

"அந்தச் சட்டம்," என்றான். "அது அங்க தொங்கணும்னு ஆசை. வேற காரணம் ஒண்ணும் இல்ல. கேவலமா இருக்கு சொல்லவே."

"நீங்க நிறுத்துவீங்கன்னு நான் சத்தியமா நம்பினேண்ணா. நிறுத்துவீங்க, எனக்கு இன்னொரு முறை கிடைக்கும்னு. அத நம்பித்தான்..." அவளுக்கு உதடு கோணியது. "அப்புறம் நீங்க எறக்கிட்டீங்க. நான் வாயத் திறந்தா மேஜையில இருக்கிற சீட்ட எல்லாரும் எண்ணுவாங்க. எப்பிடித் திறப்பேன்?"

"எண்ணினா என்ன? மாட்டப் போறவன் நான்தானே."

அவள் தலையை ஆட்டினாள். இல்லை என்று.

"என்ன பண்ணே ஹேரின்? எத நம்பி என்ன பண்ணே?"

"கைய நீட்டுங்க."

நீட்டினான். சான்றிதழைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையாலும் சேர்த்து, பெரியவர்களுக்குக் கொடுப்பது போல, அவன் உள்ளங்கையில் ஒன்றை வைத்தாள். வெள்ளைக் கல். கம்பளி நூல் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. இவ்வளவு நேரமும் பிடித்திருந்ததில் சுட்டது.

"நாலாவது துறைமுகத்துக்கு ரெண்டு வைக்கணும்," என்றாள். "ஒண்ணுதான் வச்சேன்."

இன்சு கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ... பாரந்தூக்கி?"

"அத நீங்க எறக்கவே இல்லண்ணா. கடைசி வரைக்கும் உங்க கையிலதான் இருந்துச்சு."